"கரண்ட் கம்மி, அக்கா": அலை, ஒலி, மின்சாரச் சொற்களைப் பழகும் வழி

குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட் லைனில் மாலை டியூஷன் எடுக்கிறேன். ஆரம்பித்த முதல் வாரம் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் மின்னழுத்தம் என்றால் என்ன என்று கேட்டேன். "ஓரலகு நேர் மின்னூட்டத்தை முடிவிலாத் தொலைவிலிருந்து..." என்று தொடங்கி மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டான். அந்த நேரம் பார்த்து டியூப் லைட் எரிவதா அணைவதா என்று மினுக்க ஆரம்பித்தது. "இது ஏன்டா இப்படி?" என்றேன். "கரண்ட் கம்மி, அக்கா" என்றான்.

இப்போதுதான் ஒப்பித்த சொல் தலைக்கு மேலேயே மினுக்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. அவன் மேல் குற்றமில்லை. புத்தகச் சொல் ஒரு அறையிலும் வீட்டுச் சொல் இன்னொரு அறையிலும் இருந்தன, நடுவில் கதவு இல்லை.

ஆங்கில வழியில் படித்துவிட்டு இப்போது தமிழ் வழிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வந்தவர்கள், போட்டித் தேர்வுக்காகத் தமிழில் அறிவியல் படிப்பவர்கள், பதினொன்றாம் வகுப்பில் இயற்பியலைத் தமிழில் எடுத்தவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். அலை, ஒலி, மின்சாரம் என்ற மூன்று பாடங்களுக்கு ஒரு மாதம் போதும்.

முதல் வேலை: நோட்டில் கோடு போடுங்கள்

ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். இடப்பக்கம் வீட்டிலும் கடையிலும் சொல்கிற சொல். நடுவில் பாடப்புத்தகச் சொல். வலப்பக்கம் அந்தச் சொல்லை நீங்கள் எங்கே கண்ணால் பார்த்தீர்கள் என்பதும் அதன் அலகும். ஆங்கிலச் சொல்லுக்குத் தனிக் கட்டம் வேண்டாம். அதைப் போட்டால் கண் அங்கேயேதான் போகும், நடுக் கட்டத்தை யாரும் படிக்கமாட்டார்கள்.

வலப்பக்கக் கட்டம் நிரம்பாத சொல்லைக் கற்றதாகக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு நாலு சொல் தாராளம்.

இரண்டாவது: கொடிக்கயிற்றில் அலை

எங்கள் பக்கம் துணி காய்வதே அபூர்வம், ஆனால் கொடிக்கயிறு இல்லாத வாசல் கிடையாது. அதன் ஒரு முனையை அவிழ்த்துக் கையில் பிடித்து ஒரு உதறு உதறுங்கள். ஒரு மேடு ஓடிப்போய் மறுமுனையில் முட்டும். விடாமல் மேலும் கீழும் ஆட்டினால் மேடும் பள்ளமுமாக வரிசையாகப் போகும். மேட்டின் உச்சி முகடு. மலை முகடு, வீட்டு முகடு என்று நாம் சொல்லும் அதே சொல்தான். பள்ளம் அகடு. அகடு என்றால் பழந்தமிழில் வயிறு, உட்பக்கம். இந்த இரண்டையும் மனப்பாடம் செய்யச் சொல்வதே அநியாயம், எதிர்மலையைப் பார்த்தால் போதும்.

ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை அலைநீளம். கயிறு சும்மா கிடக்கும் நிலையிலிருந்து முகடு வரை உள்ள உயரம் வீச்சு. அகட்டிலிருந்து முகடு வரை அளந்து அதை வீச்சு என்று எழுதுவதுதான் பிள்ளைகள் செய்யும் நிரந்தரத் தவறு. அது வீச்சைப்போல் இரண்டு மடங்கு. ஒரு நொடிக்கு எத்தனை முறை கையை ஆட்டுகிறீர்களோ அது அதிர்வெண். அதிர்வு, எண் என்று பிரித்தால் அர்த்தம் அதிலேயே இருக்கிறது. அலகு ஹெர்ட்ஸ். ஒரு முறை ஆட ஆகும் நேரம் அலைவு நேரம். ஒன்று கூடினால் மற்றது குறையும்.

இப்போது கயிற்றின் நடுவில் ஒரு சிவப்புத் துணித்துண்டைக் கட்டிவிட்டு மறுபடியும் ஆட்டுங்கள். துணி மேலும் கீழும் குதிக்கும், அலையோடு கூடப் போகாது. அலை கொண்டுபோவது ஆற்றலை, பொருளை அல்ல. துணி ஆடும் திசைக்குக் குறுக்கே அலை போவதால் இது குறுக்கலை.

நெட்டலைக்கு ஸ்பிரிங் வாங்க வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருப்பீர்கள். கொண்டை ஊசி வளைவில் டிரைவர் பிரேக் போட்டதும் முன்னால் நிற்பவர்கள் நெருங்கி, பிறகு தளர்ந்து, அந்த நெருக்கம் ஆள்மாறி ஆள்மாறி நகரும். நெருங்கிய இடம் இறுக்கம், தளர்ந்த இடம் நெகிழ்வு. ஆட்கள் அசைவதும் நெருக்கம் நகர்வதும் ஒரே கோட்டில், அதனால் இது நெட்டலை. காற்றில் ஒலி போவது இப்படித்தான்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. நெட்டலை என்றால் நீளமான அலை என்றும், குறுக்கலை என்றால் குறுகிய அலை என்றும் நினைத்துவிடுவார்கள். வானொலியில் சொல்லும் சிற்றலை, மத்திய அலை எல்லாம் அலைநீளத்தை வைத்து வந்த பெயர்கள். நெட்டு, குறுக்கு இரண்டும் துகள் ஆடும் திசையைப் பற்றியவை.

வானொலி என்ற சொல்லும் ஒரு குழிதான். அழகான சொல், ஆனால் உள்ளே 'ஒலி' உட்கார்ந்திருக்கிறது. காற்றில் வருவது ஒலியே அல்ல, மின்காந்த அலை. அதற்கு ஊடகம், அதாவது கடந்துபோக ஒரு பொருள், தேவையில்லை. ஒலிக்குத் தேவை. பெட்டிக்குள் வந்த பிறகுதான் ஒலிபெருக்கி அதை ஒலியாக்குகிறது.

கணக்குக்கு நம்ம ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரேடியோ தொலைநோக்கி 1970-இலிருந்து இயங்குகிறது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டியது. அதை ஏன் மலைச்சரிவில் சாய்த்து வைத்தார்கள் என்று டூரிஸ்ட்டுகள் கேட்பார்கள். அந்தச் சரிவு ஏறத்தாழ 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அதே அளவு. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது, ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தில் ஒரு பொருளைப் பல மணி நேரம் பின்தொடரலாம். அது கேட்கும் அதிர்வெண் 326.5 மெகாஹெர்ட்ஸ் (மெகா என்றால் பத்து லட்சம்). ரேடியோ அலையும் ஒளியின் வேகத்தில்தான் போகும், நொடிக்கு 30 கோடி மீட்டர். வேகம் = அதிர்வெண் × அலைநீளம். வகுத்துப் பாருங்கள், அலைநீளம் சுமார் 92 சென்டிமீட்டர் வரும். பூக்காரரிடம் இரண்டு முழம் வாங்கினால் கிட்டத்தட்ட அவ்வளவு. கோடைக்கானல் பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸுக்கும் இதே கணக்கைப் போடுங்கள், ஏறத்தாழ 3 மீட்டர் வரும்.

மூன்றாவது: சத்தம் என்ற சொல்லைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவையுங்கள்

வீட்டில் எல்லாவற்றுக்கும் 'சத்தம்' ஒன்றே போதும். டிவி சத்தத்தைக் குறை, என்ன சத்தம் அங்கே, சத்தமாகப் படி. இயற்பியலில் அது போதாது. பொதுவாகச் சொல்ல ஒலி. எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பது உரப்பு, அது வீச்சைப் பொறுத்தது. கீச்சுக் குரலா கட்டைக் குரலா என்பது சுருதி, அது அதிர்வெண்ணைப் பொறுத்தது. கைக்குழந்தை மெதுவாக முனகினாலும் சுருதி அதிகம். ஃபேக்டரி சங்கு எவ்வளவு பலமாக ஊதினாலும் கட்டைக் குரல்தான்.

தப்பு, அதாவது பறை, அடிப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அடிப்பதற்கு முன் சருகைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். எங்கள் பனிமூட்டத்தில் ஈரம் ஏறித் தோல் தளர்ந்துவிடும், தட்டினால் 'தொப்' என்று கேட்கும். தீயில் காட்டினால் தோல் விறைக்கும், 'டண்' என்று வரும். அடிக்கிற கை அதே கை, வீச்சு மாறவில்லை. இழுவிசை கூடியதால் அதிர்வெண் கூடியது. உரப்பும் சுருதியும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல செய்முறையை நான் எந்த ஆய்வகத்திலும் பார்க்கவில்லை.

20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை நம் காதுக்குக் கேட்பது செவியுணர் ஒலி. அதற்கு மேலே மீயொலி, வௌவால் பயன்படுத்துவது. கீழே குற்றொலி. யானைகள் தொலைவில் இருக்கும் கூட்டத்தோடு பேசுவது இந்தக் குற்றொலியில். நமக்குக் கேட்காததால் காடு அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடக்கிறோம்.

ஒலியின் வேகத்தை அளக்க மலை ரயில் போதும். குன்னூருக்குக் கீழே நீராவி இன்ஜின்தான் இழுக்கிறது. பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் நின்று பாருங்கள். ஊதல் ஊதும்போது இன்ஜின் மேல் வெள்ளையாக ஒரு ஆவிக் கீற்று முதலில் தெரியும், ஊதல் பின்னால் வந்து சேரும். இடையில் எத்தனை நொடி என்று எண்ணி 340-ஆல் பெருக்குங்கள். மூன்று நொடி என்றால் ரயில் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. இடி மின்னலுக்கும் இதே கணக்கு. ஆனால் மின்னல் வெட்டும்போது தேயிலைக் காட்டில் நின்றுகொண்டு எண்ணாதீர்கள், உள்ளே வந்து எண்ணுங்கள்.

மலையில் காற்று மெலிசு, அதனால் ஒலி மெதுவாகப் போகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நானும் பல நாள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், தவறு. காற்றின் அழுத்தமும் அடர்த்தியும் சேர்ந்தே குறைவதால் ஒன்று மற்றதை ஈடுகட்டிவிடும். வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர். ஊட்டியில் உறைபனி கொட்டும் விடியலில், 0 டிகிரியில், 331 மீட்டர்.

எழுத்துப் பிழை விஷயம் ஒன்று. எதிரொலி என்றால் மலையில் மோதித் திரும்பும் குரல். எதிரொளிப்பு என்றால் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி. லகரமும் ளகரமும் மாறினால் பாடமே மாறிவிடும். வகுப்பில் உச்சரிப்பைத் திருத்த வெட்கப்படாதீர்கள்.

நான்காவது: மின்சாரம், இங்கேதான் நேரம் ஆகும்

நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டம் 1932-இல் ஓடத் தொடங்கியது, கோயம்புத்தூர் ஆலைகளுக்கு மின்சாரம் போனது. அதை மனதில் வைத்துக்கொண்டு நான்கு சொற்களையும் படியுங்கள். மேலே தேக்கிய நீர் குழாய் வழியே 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து சிங்காரா மின் நிலையத்துக்கு இறங்கிச் சக்கரத்தில் மோதுகிறது. அந்த உயர வேறுபாடுதான் மின்னழுத்த வேறுபாடு, அலகு வோல்ட். நொடிக்கு எவ்வளவு நீர் வருகிறது என்பது மின்னோட்டம், ஆம்பியர். குழாயின் குறுகல் தடுப்பது மின்தடை, ஓம். உயரமும் அளவும் சேர்ந்து சக்கரத்தை எவ்வளவு வலுவாகச் சுழற்றுகின்றன என்பது மின்திறன், வாட். பைக்காராவில் உயரம் அதிகம் என்பதால் கொஞ்ச நீரே நிறையத் திறன் தருகிறது.

உயர் அழுத்தக் கம்பியின் சூட்சுமமும் அதுவே. அதே திறனைப் பத்து மடங்கு அழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் பத்தில் ஒன்று, கம்பி சூடாகி வீணாவது நூறில் ஒன்று. அழுத்தத்தை ஏற்றி இறக்கத்தான் மின்மாற்றி, நம் டிரான்ஸ்பார்மர். ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள், இந்த நீர் உவமை ஓரளவுக்குத்தான் வரும். குழாயை வெட்டினால் நீர் கொட்டும். கம்பியை வெட்டினால் மின்சாரம் கொட்டாது, நின்றுவிடும். சுற்று முழுமையானால்தான் ஓடும், அதனால்தான் மின்சுற்று என்று பெயர்.

இனி ஹீட்டர் ராடு. மலையில் இது இல்லாத வீடு குறைவு. 1500 வாட் ராடு 230 வோல்ட்டில் சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும். மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை என்பதால் அதன் மின்தடை ஏறத்தாழ 35 ஓம். மார்கழி மாலையில் ஊரே ராடு போட்டதும் அழுத்தம் 180-க்கு இறங்கியது என்று வையுங்கள். ராடின் தடை மாறாது. மின்னோட்டம் 5.1 ஆம்பியராகும், திறன் 920 வாட் அளவுக்கு விழுந்துவிடும். 15 லிட்டர் நீரை 12 டிகிரியிலிருந்து 42-க்குக் கொண்டுவர 21 நிமிடம் போதுமாக இருந்தது, இப்போது 34 நிமிடம். குளிக்கக் காத்திருக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு மறக்காது.

பாதுகாப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராடை நீரில் வைத்த பிறகுதான் சுவிட்ச். நீரைத் தொடும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்க வேண்டும். தகர வாளி வேண்டாம். மூன்று முள் பிளக்கின் பெரிய முள் புவி இணைப்பு, நாம் எர்த் என்பது. அதை உடைத்துவிட்டு இரண்டு முள் சாக்கெட்டில் சொருகும் பழக்கம் எங்கள் லைனிலும் உண்டு. நான் போகும் வீடுகளில் அதற்குத் திட்டாமல் வந்ததில்லை.

இப்போது சொற்களின் சேட்டை. 'நாளை மின்தடை' என்று செய்தித்தாளில் வந்தால் கரண்ட் கட். பாடத்தில் மின்தடை என்றால் ஓம். இரண்டும் சரி, இடம் பார்த்துப் படிக்க வேண்டும். அலகு என்றால் எந்த அளவைக்கும் உள்ள அடிப்படை. ஈபி கார்டில் 'யூனிட்' என்றால் ஒரு கிலோவாட் மணி மட்டுமே, அது திறன் அல்ல, ஆற்றல். நம் 1500 வாட் ராடு முழு அழுத்தத்தில் 40 நிமிடம் எரிந்தால் ஒரு யூனிட். 'பவர்' என்று வீட்டில் சொல்வது சில நேரம் மின்சாரம், சில நேரம் அழுத்தம், சில நேரம் மூக்குக்கண்ணாடி. நோட்டில் அதற்கு மூன்று வரி விடுங்கள்.

'மின்கசிவால் தீ விபத்து' என்று எழுதுவது எனக்கு ஆறாத கோபம். பெரும்பாலும் அவர்கள் சொல்ல வருவது ஷார்ட் சர்க்யூட், அதாவது குறுக்குச் சுற்று. தடை மிகக் குறைந்த குறுக்கு வழி கிடைத்து மின்னோட்டம் கட்டுமீறிப் பாய்வது. அதைப் பிடிப்பது ஃபியூஸ், பாடத்தில் மின் உருகு இழை. இப்போது அந்த வேலைக்கு எம்சிபி என்ற தானியங்கி சுவிட்ச். மின்கசிவு வேறு. கம்பியின் உறை பழுதாகி, கொஞ்சம் மின்னோட்டம் ஈரச் சுவர் வழியாகவோ நம் உடம்பு வழியாகவோ தரைக்கு நழுவுவது. அது சிறிய அளவு, ஃபியூஸுக்குத் தெரியவே தெரியாது. அதைப் பிடிக்க ஆர்சிசிபி வேண்டும். வீடுகளில் வைப்பது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும். ஒரு சொல்லை மாற்றிப் போட்டால் தவறான கருவியை நம்பிக்கொண்டிருப்போம்.

மற்றவை சீக்கிரம் முடியும். கோயில் திருவிழாவில் தொங்கும் பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் அந்த வரிசையே போகும், அது தொடர் இணைப்பு. வீட்டில் ஒரு அறை விளக்கு போனாலும் மற்றது எரியும், அது பக்க இணைப்பு. தை மாதக் காய்ந்த குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றும்போது 'பட்பட்' என்று பொறி தெறிப்பது அதில் சேர்ந்த மின்னூட்டத்தால். டார்ச் பேட்டரி தருவது நேர்திசை மின்னோட்டம், சுவரில் வருவது மாறுதிசை மின்னோட்டம். அது நொடிக்கு 50 சுழற்சி, அதாவது 50 ஹெர்ட்ஸ். அலைப் பாடத்தில் படித்த அதிர்வெண் இங்கேயும் வருகிறது பாருங்கள். டிரான்ஸ்பார்மர் உறுமுவது அதன் இரண்டு மடங்கில், 100 ஹெர்ட்ஸில்.

ஐந்தாவது: இலங்கைத் தமிழ்ப் புத்தகம் கையில் கிடைத்தால்

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பியோர் நீலகிரியில் நிறைய. பல வீடுகளுக்கு இலங்கை மலையகத்தில் இன்னும் சொந்தம் இருக்கிறது, அங்கிருந்து பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகக் கோப்பு போனில் வருகிறது. நல்ல புத்தகங்கள், ஆனால் சொல் வேறு. அதிர்வெண்ணுக்கு மீடிறன். மின்னூட்டத்துக்கு மின்னேற்றம். மாறுதிசை மின்னோட்டம் அங்கே ஆடலோட்டம், சுருக்கமாகவும் காட்சியாகவும் இருப்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். ஒளி எதிரொளிப்பு அங்கே தெறிப்பு, விலகல் அங்கே முறிவு. இயற்பியலே பௌதிகவியல். நோட்டில் நடுக் கட்டத்தில் அடைப்புக்குள் எழுதிவையுங்கள், தேர்வுத் தாளில் மட்டும் நம் பாடநூல் சொல்லையே எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சோதித்துப் பார்க்க

புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டில் ஒருவரிடம் ஈபி கார்டையோ ராடையோ காட்டி நாலு வாக்கியம் பேசுங்கள். பேச்சுத் தமிழிலேயே பேசலாம், ஆனால் சொற்கள் அந்தந்த இடத்தில் விழ வேண்டும். தடுமாறிய சொல்லை நோட்டில் வட்டமிட்டு, அதன் வலப்பக்கக் கட்டத்துக்கு வேறு காட்சி தேடுங்கள்.

அந்தப் பையனுக்கு நான் "கரண்ட் கம்மி இல்லடா, அழுத்தம் கம்மி" என்று திருத்தியிருந்தேன். மூன்று வாரம் கழித்து அவன் திரும்பி வந்து கேட்டான்: "அக்கா, ராடுல அழுத்தம் கொறஞ்சா கரண்டும் கொறையுதே, அப்போ நான் சொன்னதும் சரிதானே?" ராடுக்குச் சரிதான் என்று ஒப்புக்கொண்டேன். பிறகு, அழுத்தம் குறைந்த நாளில் ஃபேக்டரியில் அவன் அப்பா ஏன் மோட்டாரை நிறுத்துகிறார் என்று கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் பதிலோடு வந்தான். சுமையோடு ஓடும் மோட்டார், அழுத்தம் குறைந்தால் அதே வேலையைச் செய்ய அதிக மின்னோட்டத்தை இழுக்குமாம். விட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், அவர்கள் சொல்லும் 'காயில்', எரிந்துவிடுமாம். "அங்க அழுத்தம் கம்மி, கரண்ட் ஜாஸ்தி அக்கா" என்றான். அவன் நோட்டில் 'கரண்ட் கம்மி' என்ற வரியை அடித்துவிட்டு, அதற்குப் பதில் இரண்டு வரி எழுதிக்கொண்டோம்.